சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டிய விளக்கு

அன்புள்ள மகன் தம்பிக்கு,

சுகம் விசாரித்து, ஊர்ப் புதினம் எழுதி, பிறகு விஷயத்துக்கு வர இந்த முறை எனக்குப் பொறுமை இல்லை. வருகிற திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அந்த ஜீப்பில் வெளிக்கிடாதே. பிள்ளைக்கு முடியிறக்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. நேர்த்தி வைத்தது அம்மாளாச்சிக்கு, ஜீப்புக்கு இல்லை. பஸ்ஸில் வாருங்கள். பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் ஒரு வான் வண்டியைப் பிடித்து வாருங்கள். சொந்த வண்டியை வாசலில் விட்டுவிட்டு வாடகை வண்டியா என்று உன் மாமனார் முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும். தூக்கிய முகம் இரண்டு நாளில் தானாக இறங்கும்.

அம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறா. "வண்டியை எடாதை எண்டு ஒரு வரி எழுதினாக் காணாதே? ஏன் கொப்பி முழுக்க எழுதுறியள்?" என்று கேட்கிறா. அவ உன்னைப் பெற்றவதான், ஆனால் உன் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது, அதனால் அது எனக்குத்தான் தெரியும். ஒரு வரி எழுதினால் நீ அதை மச்சானுக்கு வாசித்துக் காட்டி, அப்பாவுக்கு வயது போகுது, எல்லாத்துக்கும் பயம் என்று சிரித்துவிட்டு, திங்கள் விடிய வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்து நசித்துக்கொண்டு போய்விடுவாய். எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்காது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன், முழுவதையும் வாசி. வதனியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசி. பத்து மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீற்றில் இருக்கப் போகிறவள் அவள்.

நானே பஸ் ஏறி வந்திருப்பேன். வண்டியைத் தூக்கி நிறுத்திய ஜக்கு வழுக்கிக் காலில் விழுந்து, மாவுக்கட்டோடு மூன்று கிழமையாக அக்கராயனில் இந்தக் கட்டிலில் கிடக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். வவுனியாவில் உன் வீட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பருக்கு அம்மா கிளிநொச்சி டவுனுக்குப் போய் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தா. ஒருதரம் மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. மற்றத்தரம் எடுத்த ஆள் "சொல்லி விடுறன்" என்றாராம். என்ன சொல்லி விடுவார்? உங்கட அப்பா ஏதோ வண்டி எண்டு கதைச்சவர் என்பார். அந்தக் கதையை நம்பி, மாமனார் வீட்டாரோடு உங்கள் ஒன்பது பேரையும் என்னால் அந்த வண்டியில் ஏற விட முடியாது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நெளுக்குளத்தில் ஒரு தரகர் மூலம் ஜீப் வாங்கியதை எவ்வளவு சந்தோசமாக எழுதியிருந்தாய். நானும் சந்தோசமாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தேன், மூன்றாம் பக்கம் வரும்வரை. "பன்னிரண்டு வருசப் பழசு எண்டாலும் ஏபிஎஸ் உள்ள வண்டி அப்பா. வாங்கி ஒரு மாசம், டாஷ்போர்டிலை அந்த மூண்டெழுத்து விளக்கு ஒரு நாளும் எரியேல்லை. சாவி போடேக்கையும் எரியாது. அவ்வளவு சுத்தமான வண்டி" என்று எழுதியிருந்தாய். கீழே, போன கிழமை ஓமந்தைப் பக்கம் தூறல் மழையில் நாய் ஒன்று குறுக்கே வந்ததாகவும், பிரேக் பிடித்தும் வண்டி இழுத்துக்கொண்டு போனதாகவும், டயர் தேய்ந்துவிட்டது போல, நாலையும் மாற்றப் போவதாகவும் எழுதியிருந்தாய். அந்த இரண்டு இடத்தையும் பத்துத் தரமாவது வாசித்திருப்பேன்.

தம்பி, டயரில் பிழை இல்லை. நல்ல வண்டியில் நீ சாவியைத் திருப்பினதும் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரிந்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவதற்குள் அணைய வேண்டும். சில்லு இறுகிச் சறுக்காமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிற அந்த ஏபிஎஸ் பெட்டி தன்னைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டு, நான் முழிப்பாக இருக்கிறேன் என்று உனக்குச் சொல்கிற விதம் அது. எரிந்து அணையாமல் நின்றால் எங்கேயோ நோய். சில்லு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெருவிரல் அளவில் ஒரு சென்சர் இருக்கும், சில்லு சுற்றுவதை எண்ணுவது அதன் வேலை. எங்கள் பக்கத்துப் புழுதியும், பிரேக் தேய்ந்து விழுகிற இரும்புத் தூளும் அதில் அப்பிக்கொண்டால் கணக்குத் தப்பும். அல்லது வயரைக் கல் அடித்து அறுத்திருக்கும், எலி கடித்திருக்கும். பத்தில் ஆறு வண்டிக்குத் துடைத்து, வயரைப் பொருத்தினாலே போதும். விளக்கு எரிகிற வண்டியைக் கண்டு பயப்படாதே. ஒரு நாளும் எரியாத வண்டியைக் கண்டு பயப்படு. ஒரு நாளைக்கு நாலு நொடி எரிகிற பல்பு தானாகக் கருகுவது அருமை. யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் கழற்றியிருக்கிறேன். இந்தக் கையால்.

நான் மலைநாட்டில் ஒரு தோட்டத்து லொறிக் கராஜில் தொழில் பழகியவன் என்பது உனக்குத் தெரியும். அங்கே வளைவுக்கு வளைவு பள்ளம். முதலில் பிரேக், பிறகுதான் எஞ்சின் என்று அடித்துச் சொல்லித் தந்தார்கள். கலவரத்தில் ஓடி வந்து சேர்ந்த வன்னியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. "கியரைக் குறைச்சா நிக்கும்தானே" என்று சொல்கிற ஊர் இது. பிறகு, வன்னிக்குச் சாமான் விடாத தடைக்காலம் வந்தது. ஒரு வாசர் வளையம் கூட வராது. பிரேக் குழாய் வெடித்தால் அந்தச் சில்லுக்குப் போகிற குழாயைச் சுத்தியலால் நசித்து மூடிவிட்டு மிச்சம் மூன்று சில்லில் ஓட விட்டோம். கழற்றிய பிரேக் ஓயிலைத் துணியில் வடித்துப் போத்தலில் வைத்து அடுத்த வண்டிக்கு ஊற்றினோம். இல்லாததை வெட்டிவிட்டு இருக்கிறதை ஓட்டு, அதுதான் எங்கள் கெட்டித்தனம். சனம் என்னைப் புகழ்ந்தது, நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்தப் பழக்கத்தில் ஒரு விஷம் இருந்தது. வண்டியில் எதைக் கண்டாலும் இது இல்லாமல் ஓடாதா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது. சண்டை நின்று றோட்டுத் திறந்து, வவுனியாக் கடைகளில் எல்லாச் சாமானும் வந்த பிறகும் என் மண்டை மட்டும் தடைக்காலத்திலேயே நின்றது.

அப்போதுதான் ஹனீபா நானா வந்தார். நெல் வாங்க எங்கள் வீட்டுக்கு வருகிறவராக உனக்கு அவரைத் தெரியும், பெருநாளுக்குப் பெருநாள் அவர் கொண்டுவந்து தருகிற வட்டிலப்பம் தெரியும். அதற்கு முன் கதையைச் சொல்கிறேன். ஊர் தண்ணீரூற்று. தொண்ணூறில் இங்கிருந்த முஸ்லிம் சனத்தை எல்லாம் இயக்கக்காரர் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு போனவர். புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் இருந்து, பாதை திறந்ததும் சொந்த வீட்டு வளவைத் தேடி வந்தார். வரும்போது ஒரு பழைய ஜீப்பும் கொண்டுவந்தார். ஏபிஎஸ் உள்ள வண்டியை நான் முதன்முதல் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மெக்கானிக், கிரவல் றோட்டில பிரேக் பிடிச்சாக் காலுக்குக் கீழ கிடந்து உதறுது. கரகர எண்டு சத்தம் வேற. வண்டியும் கொஞ்சம் ஓடித்தான் நிக்குது. வித்தவன் சொன்னான், உதறினாப் பயப்பிடாத, அப்பிடியே அமத்திப் பிடி, உதறினாத்தான் அது வேலை செய்யுது எண்டு. எண்டாலும் ஒருக்காப் பாரும்" என்றார்.

உண்மையை அந்த மனிதர் தன் வாயாலேயே என்னிடம் கொண்டுவந்து தந்தார். நான் சிரித்தேன். "வித்தவன் வேறை என்ன சொல்லுவான் நானா" என்றேன். அந்தக் கருவி சரளை கிடக்கிற கிரவலில் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும், அது அதன் இயல்பு, வண்டியில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. பியூஸ் பெட்டியைத் திறந்து, அதன் பியூஸைப் பிடுங்கினேன். கிரவலில் ஓட்டிப் பார்த்தோம். உதறவில்லை, சில்லுகள் மண்ணைக் கொத்திக்கொண்டு முன்னதைவிடக் கிட்டத்தில் நின்றன. நானாவுக்குச் சந்தோசம், எனக்குப் பெருமை. ஆனால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே நின்றது. அதைப் பார்த்தால் அவர் கேள்வி கேட்பார் என்று, அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் அந்தப் பல்பையும் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைத்த கதை. திரும்பி வந்தவரிடம், "சரி பண்ணிட்டன் நானா. இனிக் கிரவல்லை உதறாது. தேவையான நேரத்திலை மட்டும் உதறும்" என்றேன்.

அந்தக் கடைசி வசனத்தை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்கு மேல் ஒரு பிடி பொய். தொழிலாளி வாயில் வருகிற வீண் பெருமை. அந்த ஒரு பிடிதான் எல்லாவற்றையும் செய்தது.

மாரி தொடங்கிய மாதம். முள்ளியவளைக்குக் கிட்ட, நனைந்த தார் றோட்டு. மாடுகள் குறுக்கே வந்திருக்கின்றன. நானா, வண்டியை விற்றவன் சொன்னபடி பிரேக்கை அமத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறார். அந்தக் கருவி இருந்திருந்தால் சில்லு இறுகாமல் விட்டுவிட்டுப் பிடித்திருக்கும், வண்டி திரும்பியிருக்கும். நாலு சில்லும் இறுகி, வண்டி திரும்பாமல் நேரே சறுக்கிக்கொண்டு போய் மதகுக் கட்டில் அடித்தது. அவருக்குக் காயம் இல்லை. பக்கத்தில் இருந்த அவர் மனைவிக்கு, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவவுக்கு, இடுப்பெலும்பு நொறுங்கியது. இன்றைக்கும் அவ கம்பு ஊன்றித்தான் குசினிக்கும் கிணற்றடிக்கும் போகிறா.

ஆசுபத்திரி விறாந்தையில் நானாவைப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உதறேல்ல, மெக்கானிக். நான் முழுக்க அமத்தினன் எண்டுதான் நெச்சன். ஆனா உதறேல்ல. அப்ப நான் சரியா மிதிக்கேல்ல. என்ர கால் பயந்திட்டுது."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், தம்பி. "அவசரத்திலை அப்பிடித்தான் நானா, கால் வழுக்கியிருக்கும்" என்றேன். அவர் தலையாட்டினார். அன்றைக்குப் பிறகு அவர் ஒரு வண்டியும் ஓட்டவில்லை. லொறிக்குச் சாரதி வைத்திருக்கிறார், தான் பக்கத்தில் குந்தியிருந்து வருவார். ஏன் ஓட்டுவதில்லை என்று நீ ஒருமுறை கேட்டதற்கு "கண் பார்வை காணாது மகன்" என்றாரே, நினைவிருக்கிறதா? அவர் கண்ணில் ஒரு பிழையும் இல்லை.

ஜீப்பைக் கட்டியிழுத்து என் கராஜுக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஒருவரும் இல்லாத நேரம் பியூஸையும் பல்பையும் பழைய இடத்தில் திரும்பப் போட்டேன். முன் தட்டில் அந்த வண்டியின் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. நீ கல்யாணம் முடித்து வதனியோடு வீட்டுக்கு வந்திருந்த நாட்கள். பிரேக் பக்கத்தை வாசித்துச் சொல் என்று உன்னிடம்தான் தந்தேன். நீ சாய்மனைக் கதிரையில் இருந்து வாசித்து, தமிழில் சொன்னாய்: "பெடல் உதறினாப் பிழை இல்லையாம் அப்பா. காலை எடுக்காமல் அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பட்டாம். விளக்கு அணையாமல் எரிஞ்சால்தான் கருவி வேலை செய்யாதாம்." பிறகு தலையை நிமிர்த்தி, "நானாவின்ரை வண்டியிலை அது வேலை செய்ததே?" என்று கேட்டாய். "எனக்கெப்பிடித் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று வாளியை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன், தண்ணீர் தேவைப்படவில்லை.

ஏன் சொல்லவில்லை? தொழில் போய்விடும் என்ற பயம். நாலு பேர் சிரிப்பார்கள் என்ற வெட்கம். நாள் போகப் போக, இவ்வளவு நாள் சொல்லாததை இனி எப்படிச் சொல்வது என்ற இன்னொரு பயம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். தொண்ணூறில் அந்தச் சனம் மூட்டை முடிச்சு இல்லாமல் போனபோது நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. திரும்பி வந்த மனிதரிடமும் வாய் திறக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பழகியிருந்தது. பெருநாள் வட்டிலப்பத்தை இரண்டு கைகளாலும் வாங்கித் தின்றிருக்கிறேன்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். ஏபிஎஸ் இல்லாவிட்டால் பிரேக்கே இல்லை என்று நினைத்துப் பதறாதே. அது இல்லாமல் எத்தனையோ வண்டி இந்த றோட்டுகளில் ஓடுகிறது, நான் ஓட்டாததா. கேடு அது இல்லாததில் இல்லை. இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மிதிப்பதில்தான் கேடு. விளக்கைக் கழற்றியவன் அதை மட்டும் மறைத்திருப்பான் என்றும் நம்பாதே. வண்டி நின்ற இடத்தில் எஞ்சினை ஓட விட்டு, பிரேக்கை அமத்தி, ஆறுதலாக முப்பது எண்ணு. பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் பிரேக் ஓயிலைத் தள்ளுகிற மாஸ்டருக்குள் இருக்கிற ரப்பர் போய்விட்டது, அந்த வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. கை பிரேக்கை இழுத்துப் பார், சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அதுவும் எரியாவிட்டால் ஓயில் குறைந்தாலும் உனக்குத் தெரியாது, பல வண்டியில் இரண்டுக்கும் ஒரே பல்பு. ஓயில் தேன் நிறத்தில் இருந்தால் நல்லது, சாயத் தேத்தண்ணி போல் கறுத்திருந்தால் எங்களைப் போல் ஒருவன் வடித்து ஊற்றியிருக்கிறான். அப்படி ஊற்றியது தண்ணீரை இழுத்து வைத்திருக்கும், பிரேக் சூடாகிற நேரத்தில் கொதித்து, பெடல் பஞ்சு போல் அமுங்கும். இதெல்லாம் சரியாக இருந்தாலும் திங்கட்கிழமை எடாதே. டவுனில் நல்ல கராஜ் ஒன்றில் விட்டு, என் கண் முன்னாலே கழற்று என்று பக்கத்தில் நின்று பார். மறைப்பு வேலை எல்லாம் சொந்தக்காரன் தேத்தண்ணி குடிக்கப் போகிற நேரத்தில்தான் நடக்கிறது.

இன்னொன்று. லொறியில் உனக்கு நான் பழக்கியது, இரண்டு தரம் விட்டு மிதித்து மூன்றாம் தரம் பிடி என்பது. காற்றுப் புகுந்த பழைய பிரேக்குக்கு அது சரி. உன் வண்டியில் அந்தக் கருவி செத்துக் கிடக்கும்வரையும் அது சரி. திருத்திய பிறகு அந்தக் காலை மறந்துவிடு. ஒரே மிதி, முழுப்பலம், உதறினாலும் எடாதே. நான் பழக்கியது உன் காலில் ஊறியிருக்கும். ஆளில்லாத வெளியில் கொண்டுபோய் பத்துத் தரம் பிடித்துப் பார், உதறல் காலுக்குப் பழகட்டும். பொங்கல் நாளில் நெடுங்கேணியிலிருந்து வற்றாப்பளை வரை றோட்டு முழுக்கச் சனம் நடக்கும். காவடியும் வரும், கைப்பிள்ளைக்காரிகளும் வருவார்கள், சைக்கிளில் மூன்று பேராகப் பொடியங்களும் வருவார்கள். வைகாசி வெயில் என்று நம்ப முடியாது, ஒரு பாட்டம் மழை பெய்தால் போதும். நீ பிரேக் பிடிக்கிற இடத்தில் யார் நிற்பார்கள் என்று எனக்குக் கண்ணை மூடினால் தெரிகிறது. இரண்டு இரவாக அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

நேற்றுப் புதன்கிழமை, வழக்கம் போல் நானா நெல்லுக்கு வந்தார். உன் கடிதம் தலையணைக்குக் கீழே இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, "கால் என்ன மாதிரி" என்று கேட்டார். அவரிடம் உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். பிறகு அவருடைய ஜீப்பைப் பற்றிச் சொன்னேன். பியூஸ், பல்பு, தேவையான நேரத்தில் உதறும் என்று சொன்ன பொய், விறாந்தையில் சொன்ன பொய், புத்தகம், எல்லாம். குசினிக்குள் நின்ற அம்மாவுக்கும் அது அப்போதுதான் தெரியும். சட்டிச் சத்தம் நின்றுவிட்டது.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாமல் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார், "அப்ப நான் சரியாத்தான் மிதிச்சனா?"

"ஓம் நானா. சரியாத்தான் மிதிச்சனீங்கள்."

"ஒண்டரை வருசம்," என்றார். "அவ கம்பு ஊண்டி நடக்கேக்க நான் என்ர காலைத்தான் பாக்கிறனான். இந்தக் கால்தான் எண்டு. ஒவ்வொரு நாளும். அவ என்னைக் கோவிக்கேல்ல எண்டு அவவிலயும் எனக்குக் கோவம். நீர் ஒவ்வொரு புதனும் என்ர முகத்தைப் பாத்து நெல்லுக் கதை கதைச்சீர்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "அது வேற. அதை நான் பிறகு பாக்கிறன். உம்மில எனக்குக் கோவம் போகேல்ல, போகுமோவும் தெரியாது." எழும்பி வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "உம்மட மகன் எப்ப வெளிக்கிடுறான்?" என்று கேட்டார். திங்கள் விடிய என்றேன். "வெள்ளிக்கிழமை எங்கட லொறி வவுனியாவுக்கு நெல்லோட போகுது. எழுதி வையும். போற வழியில நான் வந்து எடுக்கிறன். தபாலில போட்டாத் திங்கள் போய்ச் சேராது" என்றார். லொறிக்காரனிடம் கொடுத்து விடுங்கோ, நீங்கள் ஏன் அலைய வேணும் என்று அம்மா சொன்னா. "அவன் குடுத்திட்டு வந்திடுவான். வாசிச்சு முடியும் வரைக்கும் நிக்க மாட்டான்" என்றார் நானா.

ஆகவே, இதை உன் கையில் தந்துவிட்டு உனக்கு முன்னால் இருக்கிறவர் அவர்தான். நீ வாசித்து முடிக்காமல் அவர் எழும்ப மாட்டார். என் காலில் போட்ட மாவுக்கட்டை வெட்டியதும் நான் தண்ணீரூற்றுக்குப் போய் ராத்தாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், போவேன். அவர் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் நீ எனக்காக வழக்குப் பேசாதே. பெற்ற பாசத்தில் எங்க அப்பா அப்பிடிப்பட்டவர் இல்லை என்று வாய் தவறியும் சொல்லிவிடாதே. திங்கட்கிழமை ஜீப்பை எடுக்க மாட்டேன் என்ற வாக்கை எனக்கு எழுத வேண்டாம், அவருக்கு நேரே சொல்லு.

பிறகு ஒரு காரியம் செய். அந்தப் புத்தகத்தை வாசித்தவன் நீ. நான் இரண்டு தரம் பொய் சொன்னவன், மூன்றாம் தரம் சொன்னதை அவர் எப்படி நம்புவார்? நேற்று வாசலில் லொறி ஏறுகிறபோதும் தன் வலது காலைக் குனிந்து பார்த்துக்கொண்டுதான் ஏறினார். நீ வாசித்ததை அவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லி, அவர் சரியாகத்தான் மிதித்தார் என்பதை உன் வாயால் சொல்லு.

அப்பா